சுவிட்ச் போடுபவர் ஆட்டோமேஷனும் போட வேண்டுமானால்

வயரிங், சிசிடிவி, அலாரம், ஏசி என்று ஏற்கெனவே வீடுகளுக்குள் வேலை செய்பவர்களுக்கு வீட்டு ஆட்டோமேஷனில், அதாவது விளக்கு, ஃபேன், திரைச்சீலை போன்றவற்றைத் தானாகவும் போன் வழியாகவும் இயக்குவதில், பாதி தெரிந்த வேலைதான். டிபி போர்டைத் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) திறக்கத் தெரியும், பைப்புக்குள் கம்பி இழுக்கத் தெரியும், வீட்டுக்காரரோடு பேசத் தெரியும். புதிதாகக் கற்க வேண்டியவை நெட்வொர்க்கும் புரோகிராமிங்கும். இரண்டையும் சில மாதங்களில் பிடித்துவிடலாம். பலருக்குக் கையைச் சுடுவது வேறொன்று: இந்த வேலை பில் வாங்கியதோடு முடிவதில்லை. வீட்டில் ரவுட்டர் மாறினாலும், போன் மாறினாலும், பாஸ்வேர்டு மறந்தாலும் உங்களுக்குத்தான் அழைப்பு வரும். இரண்டு மூன்று இலவசப் பயணங்களிலேயே அந்த வேலையில் வந்த லாபம் கரைந்துவிடும். அதனால் பொருள் வாங்குவதிலிருந்து கொட்டேஷன் எழுதுவது வரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது என்னைத் திரும்ப வரவழைக்குமா?

இதிலிருந்து பிறப்பதுதான் மீறவே கூடாத விதி. ஹப் (எல்லாக் கருவிகளையும் இணைக்கும் மையப் பெட்டி) செத்தாலும், வைஃபை போனாலும், இன்டர்நெட் கம்பெனி தகராறு செய்தாலும், சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். அது எரிந்துவிட்டால் மற்ற கோளாறெல்லாம் "நேரம் கிடைக்கும்போது வந்து பாருங்கள்" என்ற அளவில் நிற்கும். எரியாவிட்டால் இரவு பத்து மணிக்குப் போன் வரும்.

எந்த சிஸ்டம்

சந்தையில் இருப்பதையெல்லாம் விற்கப் பார்க்காதீர்கள். கம்பி வழி சிஸ்டம் ஒன்று, கம்பியில்லாதது ஒன்று போதும். புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் சுவரை இடித்துப் புதுப்பிக்கும் வீட்டுக்கும் முதலாவது. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டாவது. இரண்டையும் அலுவலகத்தில் ஒரு பலகையில் பொருத்தி, குறைந்தது ஒரு மாதம் ஓடவிட்ட பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும்.

கம்பி வழியில் பரவலாக இருப்பது கேஎன்எக்ஸ் என்ற பொதுத் தரம். மைய ஹப் இல்லாமலே சுவிட்சும் ஆக்சுவேட்டரும் (கட்டளையை ஏற்று விளக்கையோ மோட்டாரையோ இயக்கும் கருவி) நேரடியாகப் பேசிக்கொள்வது இதன் பலம். மேலே சொன்ன விதி தானாகவே நிறைவேறுகிறது. பல கம்பெனிகளின் பொருட்களை ஒரே லைனில் கலக்கலாம். பஸ்ஸில், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பியில், ஓடுவது ஏறத்தாழ 30 வோல்ட் டிசி. ஒரு லைன் பகுதியின் மொத்தக் கேபிள் நீளம் 1000 மீட்டரைத் தாண்டக் கூடாது. பவர் சப்ளையிலிருந்து எந்தக் கருவியும் 350 மீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. இரண்டு கருவிகளுக்கு இடையே 700 மீட்டர்தான் எல்லை. மரக்கிளைபோல எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், வளையமாக மட்டும் மூடக் கூடாது. ஒரு பகுதிக்கு 64 கருவிகள் என்பது பழைய கணக்கு. புதிய வகைகள் கூடுதலாக ஏற்கும் என்றாலும் 64-க்குள் திட்டமிட்டால் பிற்காலத்தில் சேர்க்க இடமிருக்கும். குறை, விலையும் படிப்பும். ஈடிஎஸ் என்ற மென்பொருளைக் கற்காமல் ஒரு பட்டனைக்கூட மாற்ற முடியாது.

கம்பியில்லாததில் ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட், வைஃபை என்று நான்கு ரேடியோ முறைகள் இருக்கின்றன. ஜிக்பீயும் த்ரெட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையோடு இடம் பங்கிடுகின்றன. இசட்-வேவ் அதற்குக் கீழே, ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகிறது. சுவரைத் தாண்டுவதில் கெட்டி. ஆனால் ஒரு நாட்டு அலைவரிசைக்கான கருவி வேறு நாட்டு ஹப்போடு சேராது; சட்டப்படியும் குற்றமாகலாம். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வீட்டுக்காரரே வாங்கி வந்து நீட்டும் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மேட்டர் என்பது 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த பொது மொழி. வைஃபை, ஈதர்நெட், த்ரெட் மேல் ஓடுகிறது. ஒரே கருவியை இரண்டு மூன்று செயலிகளில் சேர்க்க இது வழிசெய்கிறது. ஆனால் ஒரு கருவி மேட்டர் வழியாகச் சேர்ந்தால், அதன் சொந்தச் செயலியில் இருந்த வசதி எல்லாமே கூட வரும் என்று நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

கிளவுட் (கம்பெனியின் இணைய சர்வர்) இல்லாமல் இயங்காத பொருளைத் தொடவே வேண்டாம். 2016-இல் ரிவால்வ் ஹப்களை அதன் உரிமைக் கம்பெனியே நிறுத்தியது. வாங்கியவர்கள் கையில் வெறும் பிளாஸ்டிக் டப்பா மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஆட்டோமேஷன் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் அணைந்தன. பிற்பாடு வேறு கைகளுக்குப் போய் உயிர்த்தது வேறு கதை. இடைப்பட்ட நாட்களில் திட்டு வாங்கியது பொருத்திக் கொடுத்தவர்தான். கடையில் சோதிப்பது எளிது: ரவுட்டரின் இன்டர்நெட் கேபிளை உருவிவிட்டு, சுவிட்ச், காட்சி (ஒரே அழுத்தில் பல விளக்குகளையும் கருவிகளையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவது), நேர அட்டவணை மூன்றும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஹப்பை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். சில ஹப்களில் கடிகார பேட்டரி இல்லை. இன்டர்நெட் இல்லாமல் அணைந்து எழுந்தால் நேரம் தெரியாமல் விழிக்கும். மாலை ஆறு மணி விளக்கு நள்ளிரவில் எரியும்.

சைட்டைப் பார்க்கும்போது

வீட்டுக்காரர் "எல்லாம் போனில் வரணும்" என்பார். அதைக் குறிப்பில் எழுதிப் பயனில்லை. காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எந்த அறையில் யார், எந்த சுவிட்சை, எப்போது தொடுகிறார்கள் என்று கேளுங்கள். வயதானவர்கள் உண்டா? சமையல் செய்ய வருபவருக்கு போன் செயலி கிடையாது என்பது நினைவிருக்கிறதா? வாடகை வீடா? இந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் பிற்பாடு பத்து மணி நேரப் புரோகிராம் திருத்தத்தை மிச்சப்படுத்தும்.

குடியிருக்கும் வீடானால், அறைக்கு ஒன்றாகவாவது சுவிட்ச் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் கொட்டேஷன் கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை: பாக்ஸில் நியூட்ரல் இருக்கிறதா, பாக்ஸின் ஆழம் எவ்வளவு, எர்த் வந்திருக்கிறதா, கம்பியின் உறை பொடிந்து உதிர்கிறதா. பழைய வயரிங்கில் நியூட்ரல் கூரையோடு நின்றுவிட்டிருக்கும். சுவிட்சுக்கு ஃபேஸும் திரும்பும் கம்பியும் மட்டுமே வரும். 35 மி.மீ. ஆழமுள்ள பாக்ஸில் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலேயை, அதாவது சிக்னல் வந்தால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவியைத் திணித்தால் கம்பி நசுங்கும், சூடு வெளியேறாது. 47 மி.மீ. இருந்தால் மூச்சு விட இடமிருக்கும். படம் எடுத்து, அறைப் பெயரோடு சேமித்துவையுங்கள். உடைந்த பிளேட், ஏற்கெனவே மினுக்கும் விளக்கு, வேலை செய்யாத ஏசி ரிமோட் ஆகியவற்றையும் படமெடுத்துவிடுங்கள். நீங்கள் கைவைத்த மறுநாள் அவையெல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

வயரிங்

புதிய வீட்டில் இரண்டு வழி உண்டு. எல்லா விளக்குக் கம்பியையும் டிபிக்குக் கொண்டுவந்து அங்கே ஆக்சுவேட்டர்களை வரிசையாக வைப்பது ஒன்று. வழக்கமான வயரிங் செய்து, சுவிட்ச் பாக்ஸுக்குள் அறிவுள்ள சுவிட்சை வைப்பது மற்றது. முதலாவதில் கம்பியும் போர்டின் இடமும் கூடும், பழுதுபார்ப்பது சுலபம். இரண்டாவதில் செலவு குறைவு. நாளைக்கு ஆட்டோமேஷனே வேண்டாம் என்றாலும் சாதா சுவிட்சைப் போட்டு வீட்டை ஓட்டலாம். வீட்டுக்காரர் முடிவெடுக்கவில்லையா? இரண்டாவது முறையில் வயரிங் செய்து, எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் இழுத்து, 47 மி.மீ. பாக்ஸ் வைத்து, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிப் பைப்பில் ஒரு பஸ் கேபிளும் விட்டுவிடுங்கள். கம்பி மலிவு, பெயின்ட் அடித்த பிறகு சுவரை வெட்டுவது மலிவல்ல.

கேஎன்எக்ஸுக்கு அதற்கென்றே வரும் பச்சைக் கேபிளைப் போடுங்கள். இரண்டு ஜோடி, சிவப்பு-கறுப்பு பஸ்ஸுக்கு, மஞ்சள்-வெள்ளை உபரிக்கு. 4 கிலோவோல்ட் சோதனை தாங்கும் என்பதால்தான் மெயின்ஸ் கம்பி ஓடும் போர்டுக்குள் அது பாதுகாப்பு. மிச்சமிருந்த நெட்வொர்க் கேபிளை அதற்குப் பதில் போட்டால் வேலை செய்வதுபோலத் தோன்றும்; அந்தப் பாதுகாப்பு இராது.

டாலி (விளக்குகளைக் கம்பி வழியாகக் கட்டுப்படுத்தும் தரம்) விளக்குகள் இருந்தால் கணக்கு வேறு. ஒரு லைனில் 64 முகவரி, 16 குழு, 16 காட்சி. 1.5 சதுர மி.மீ. கம்பியில் 300 மீட்டர் வரை போகலாம். லைனின் மின்னோட்டம் 250 மில்லிஆம்பைத் தாண்டக் கூடாது. 16 வோல்ட்தானே என்று வெறும் கையால் தொடவும் கூடாது. டாலி கம்பி மெயின்ஸோடு ஒரே கேபிளில் ஓட அனுமதி பெற்றது. அதன் காப்பும் மெயின்ஸிலிருந்து முழுமையாகப் பிரிந்ததல்ல. போர்டை அணைத்துவிட்டே கைவையுங்கள்.

ஏசி, ஹீட் பம்ப் போன்றவற்றை மோட்பஸ் என்ற தகவல் மொழி வழியாக இணைக்கும்போது, அது ஓடும் ஆர்எஸ்-485 என்ற கம்பி லைன் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலியாகப் போக வேண்டும். கிளை பிரித்தால் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைத் தேடுவதுதான் பெரிய தண்டனை. இரு முனைகளிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். ஏ, பி என்ற குறியைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி அச்சிடுகிறார்கள். பதிலே வரவில்லையென்றால், மென்பொருளை நோண்டுவதற்கு முன் அந்த இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள்.

குடியிருக்கும் வீட்டில் அடிக்கடி நேரும் விபரீதம் ஒன்று: சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இல்லையென்று பக்கத்து பிளக் பாயின்ட்டிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்துவிடுவது. பிளக்கும் விளக்கும் வெவ்வேறு ஆர்சிசிபிக்குக் (மின்கசிவு கண்டால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) கீழ் இருந்தால், ஒன்றின் ஃபேஸில் போன மின்னோட்டம் மற்றதன் நியூட்ரலில் திரும்புகிறது. போகும் கணக்கும் வரும் கணக்கும் பொருந்தாமல் ஆர்சிசிபி விழும். சின்ன லோடு என்றால் உடனே விழாது; வீட்டுக்காரர் எல்லா விளக்கையும் போடும் நாளில் விழும். ஒரு சர்க்யூட்டின் ஃபேஸுக்கு அதே சர்க்யூட்டின் நியூட்ரல்தான். அது கிடைக்கவே வழியில்லையென்றால் ரிலேயைக் கூரையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் பேட்டரியில் ஓடும் கம்பியில்லா சுவிட்ச் ஒட்டலாம். அப்படிச் செய்தால் அந்த சுவிட்சை ஹப் வழியாக மட்டுமல்லாமல் ரிலேயோடு நேரடியாகவும் பிணையுங்கள். ஜிக்பீயிலும் இசட்-வேவிலும் அதற்கு வசதி உண்டு.

லோடு: கருகிய ரிலேயும் மினுக்கும் விளக்கும்

ரிலேயின் மேல் 10 ஆம்ப் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் போன்ற சுத்தமான ரெசிஸ்டிவ் லோடுக்கு. எல்இடி டிரைவரின் (விளக்குக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் பெட்டி) உள்ளே கபாசிட்டர் இருக்கிறது. போடும் கணத்தில் அது காலியாக இருப்பதால், மைக்ரோ நொடிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும். 20 டிரைவரை ஒரே ரிலேயில் மாட்டினால் மொத்தம் 200 வாட்தான், ஒரு ஆம்ப்கூட இல்லையே என்று தோன்றும். சில வாரத்தில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையாது. ரிலேயின் டேட்டா ஷீட்டில் எல்இடி லோடு எத்தனை வாட், எத்தனை மைக்ரோஃபாரட் என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். டிரைவரின் டேட்டா ஷீட்டில் ஒரு எம்சிபிக்கு (ஓவர்லோடில் விழும் பிரேக்கர்) எத்தனை டிரைவர் என்ற அட்டவணையும் இருக்கும். எண்ணிக்கை கூடினால், அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது மூடும் ரிலேயைப் பயன்படுத்துங்கள், அல்லது குழுவாகப் பிரியுங்கள்.

மோட்டார், வாட்டர் பம்ப், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றுக்கு ரிலே நேரடியாக வேண்டாம். ரிலே காண்டாக்டரின் (பெரிய லோடுக்கான ரிலே) காயிலை ஓட்டட்டும், காண்டாக்டர் லோடை ஓட்டட்டும். காண்டாக்டரில் ஏசி-1 ரெசிஸ்டிவ் லோடுக்கு, ஏசி-3 மோட்டாருக்கு. ஒரே காண்டாக்டரில் இரண்டு எண்ணும் வெவ்வேறாக இருக்கும். பம்புக்கு ஏசி-3 எண்ணைப் பாருங்கள்.

டிம்மிங்கில் புகார் வராத வேலை அபூர்வம். மின்னலையின் முன்பகுதியை வெட்டும் லீடிங் எட்ஜ் டிம்மர் பழைய குண்டு பல்புக்காக வந்தது; எல்இடிக்குப் பெரும்பாலும் பின்பகுதியை வெட்டும் டிரெய்லிங் எட்ஜ் ஒத்துவரும். 400 வாட் என்று எழுதிய லீடிங் எட்ஜ் டிம்மரில் எல்இடிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வாட் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். மறுபக்கம், குறைந்தபட்ச லோடும் உண்டு. 10 வாட் கேட்கும் டிம்மரில் 5 வாட் பல்ப் ஒன்றை மட்டும் மாட்டினால் மினுக்கும். அணைத்த பிறகும் பேய்போல மங்கலாக எரிகிறதா? நியூட்ரல் இல்லாத சுவிட்ச், தான் உயிர்வாழ விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்னோட்டம் கசியவிடுகிறது. விளக்குக்கு இணையாக ஒரு பைபாஸ் கபாசிட்டர் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். எந்த விளக்கை வாங்கப் போகிறார்களோ அதையே ஒன்று வாங்கிவந்து, அதே டிம்மரில் பலகையில் மாட்டி, அடிமட்ட வெளிச்சத்தை அளந்து, டிம்மரின் கீழ் எல்லையை அங்கே பூட்டுங்கள். வீட்டுக்காரர் இடையில் வேறு பிராண்டு பல்ப் வாங்கினால் கணக்கு மாறும் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

சீலிங் ஃபேனை விளக்கு டிம்மரில் ஓட்டக் கூடாது, உறுமும், சூடாகும். அதற்கென்ற கபாசிட்டர் ரெகுலேட்டர் வகை மாட்யூல் வேண்டும். பிஎல்டிசி ஃபேனுக்கு (உள்ளே எலக்ட்ரானிக் டிரைவர் உள்ள, மின்சாரம் சேமிக்கும் வகை) அதுவும் ஆகாது. அதன் வேகத்தை அதன் ரிமோட்டோ உள்ளே இருக்கும் ரேடியோவோதான் மாற்றும். அதற்கு நேரடி சப்ளையும் ஐஆர் (அகச்சிவப்பு) அல்லது ஆர்எஃப் (ரேடியோ) அனுப்பியும் கொடுங்கள்.

திரைச்சீலை, ஷட்டர் மோட்டாரில் மேலே, கீழே, நியூட்ரல், எர்த் என நான்கு கம்பி. மேலேயும் கீழேயும் ஒரே நேரம் மின்சாரம் போனால் மோட்டார் போய்விடும். ஆகவே இரண்டு சாதா ரிலேயை வைத்து சமாளிக்காமல், ஒன்று மூடினால் மற்றது திறந்தே நிற்கும்படி பூட்டிய ஷட்டர் ஆக்சுவேட்டரை வாங்குங்கள். திசை மாற அரை நொடியாவது இடைவெளி வையுங்கள். இரண்டு மோட்டாரை ஒரே வெளியீட்டில் இணையாகக் கட்டாதீர்கள்: ஒன்று எல்லையை எட்டி நின்றதும், அதன் வைண்டிங் வழியாக மற்றதற்கு எதிர்த்திசை வோல்டேஜ் ஏறும். கட்டியே ஆக வேண்டுமென்றால் நடுவில் பிரிக்கும் ரிலே வேண்டும். இன்னொன்று: குழாய் மோட்டார்களில் பெரும்பாலானவை தொடர்ந்து சுமார் 4 நிமிடம்தான் ஓடும், பிறகு வெப்பப் பாதுகாப்பு அறுத்துவிடும். ஒப்படைக்கும் நாளில் குழந்தைகள் மாற்றி மாற்றி அழுத்தி மோட்டார் நின்றால் பதறாமல் கால் மணி நேரம் பொறுங்கள்.

எல்இடி ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் நல்லது. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். டிரைவர் 90 அல்லது 100 வாட். 5 மீட்டரைத் தாண்டினால் இன்னொரு முனையிலிருந்தும் சப்ளை கொடுங்கள், இல்லையேல் கடைசிப் பகுதி மங்கும்.

நெட்வொர்க்

ஆட்டோமேஷன் கோளாறு என்று வரும் அழைப்புகளில் கணிசமானவை ரவுட்டர் கோளாறு. எனவே நெட்வொர்க்கையும் நீங்களே போடுங்கள், அல்லது இன்னாரின் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் கேபிள்: டிவி, ஹப், கேமரா, அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி). சுவருக்குள் 90 மீட்டர், பேட்ச் கேபிள்கள் சேர்த்து 100 மீட்டர் எல்லை. பிஓஇ சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் பெட்டி) போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். சாதா பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், பிஓஇ பிளஸ் 30 வாட். 8 கேமராவும் 3 அக்சஸ் பாயின்ட்டும் இருக்கும் இடத்தில் 60 வாட் சுவிட்ச் போட்டால், இரவில் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒன்றிரண்டு அணைந்து எழும்.

ஜிக்பீ ஹப்பை ரவுட்டர் தலைமேல் வைக்காதீர்கள். 1 மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 1, 6, 11 சேனல்களில் ஒன்றில் நிலையாகப் பூட்டுங்கள். அப்போது ஜிக்பீயின் 15, 20, 25 சேனல்கள் இடைவெளிகளில் வந்து விழும். 26-உம் காலியாகத்தான் இருக்கும்; ஆனால் எல்லாக் கருவியும் அதை நன்றாகப் பேசுவதில்லை. யுஎஸ்பி 3 போர்ட்டும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். யுஎஸ்பி வகை ஜிக்பீ ரேடியோவை நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளிவைத்தாலே "அடிக்கடி விட்டுப்போகிறது" என்ற புகாரில் பாதி தீரும்.

ஸ்மார்ட் பல்ப் போட்டு சுவரில் சாதா சுவிட்சையும் விட்டால், யாரோ சுவிட்சை அணைப்பார்கள்; அந்த பல்ப் மட்டுமல்ல, அதன் வழியாகச் செய்தி கடத்திக்கொண்டிருந்த சென்சார்களும் காணாமல் போகும். சுவிட்ச் ஸ்மார்ட்டாக இருக்கட்டும், பல்ப் சாதாவாக இருக்கட்டும்.

முக்கியக் கருவிகளுக்கு ஐபி முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். பாதுகாப்புக்காகக் கருவிகளைத் தனி வி-லேனில் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) வைப்பது நல்ல பழக்கம். ஆனால் கருவிகளைக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு ஒரு வி-லேனிலிருந்து மற்றதற்குத் தானாகத் தாண்டாது. அதைக் கடத்தும் வசதி ரவுட்டரில் இல்லையென்றால் போனில் எதுவுமே தெரியாது. இந்த அளவு நெட்வொர்க் கைவரும்வரை ஒரே நெட்வொர்க்கில் வைத்து, நல்ல பாஸ்வேர்டும் புதுப்பிப்பும் கொடுப்பது மேல்.

ஹப், ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச் மூன்றுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ். மெமரி கார்டில் ஓடும் ஹப்பைத் தவிருங்கள். இடைவிடாமல் எழுதி எழுதி கார்டு ஒருநாள் செத்துப்போகும்.

புரோகிராமிங்கும் சோதனையும்

சைட்டில் உட்கார்ந்து முதல் தடவையாகப் புரோகிராம் எழுதுவது நேரத்தைக் கொளுத்துவது. எல்லாக் கருவியையும் கடையில் மேசைமேல் பரப்பி, முகவரியும் பெயரும் கொடுத்து, புதுப்பித்து, இரண்டு நாள் ஓடவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். பிறவியிலேயே பழுதான கருவிகள் அங்கேயே சிக்கிவிடும். பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கட்டும்: மாடி, அறை, பொருள், எண். "லைட் 7" என்று வைத்ததை ஆறு மாதம் கழித்து நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

காட்சிகள் முதலில் ஐந்துக்கு மேல் வேண்டாம்: வெளியே போதல், வருதல், இரவு, படம் பார்த்தல், விருந்தினர். "எல்லாம் அணை" என்பதில் ஃபிரிட்ஜ், ரவுட்டர், மீன்தொட்டி சேர்ந்துவிடாமல் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு சேனலும் என்ன நிலையில் எழ வேண்டும் என்பதைத் தனித்தனியாக வையுங்கள். தொழிற்சாலை அமைப்பில் விட்டால் அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் வரும்போது வீடு முழுக்க விளக்கு எரியலாம். படுக்கையறை விளக்கு அணைந்தே எழட்டும். ஏசிகள் ஒரே நொடியில் எழாமல் அரை நிமிடம் விட்டு ஒவ்வொன்றாக எழட்டும்.

பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தின் அசைவைப் பிடிப்பது) குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். வாசலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஏசி காற்றும் வெயில் விழும் ஜன்னலும் எதிரே இருக்கக் கூடாது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவரைக் கண்டுபிடிக்க மில்லிமீட்டர் அலை சென்சார் வேண்டும். அதுவோ ஓடும் ஃபேனையும் ஆடும் திரையையும் ஆள் என்று எண்ணும். பொருத்திய பின் ஃபேனை ஓடவிட்டு, அறையைக் காலி செய்து, விளக்கு அணைகிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கதவுப் பூட்டு, கேட், தீ எச்சரிக்கை மூன்றிலும் கூடுதல் கவனம். பூட்டைத் திறக்கும் வேலையைத் தானியங்கிக் காட்சிகளில் சேர்க்காதீர்கள். உள்ளேயிருந்து கையால் எப்போதும் திறக்க முடிய வேண்டும். ஆளையோ வண்டியையோ கண்டால் நிறுத்தும் கண் இல்லாத கேட்டைப் போனிலிருந்து மூடும் வசதியைத் தராதீர்கள். புகை எச்சரிக்கை தன் வேலையைத் தானே செய்யட்டும். ஆட்டோமேஷன் அதைக் கேட்டு விளக்கைப் போடலாம், அதன் வாயை அடைக்கக் கூடாது.

கணக்கு, கொட்டேஷன், சர்வீஸ்

ஒரு மாதிரிக் கணக்கு. ஆன்-ஆஃப் விளக்கு 24, டிம்மர் 8, திரைச்சீலை 4 என்று வைத்துக்கொள்வோம். உபரிக்கு 20 விழுக்காடு சேர்த்தால் 24 என்பது 29 ஆகும். ஆகவே 16 சேனல் ரிலே ஆக்சுவேட்டர் இரண்டு. டிம்மர் 8 என்பது 10 ஆகும். 4 சேனல் மூன்று. ஷட்டர் ஆக்சுவேட்டர் 4 சேனல் ஒன்று. கீபேட் 10, சென்சார் 4. மொத்தம் 20 கருவி. ஒவ்வொன்றும் பஸ்ஸில் 12 மில்லிஆம்ப் எடுத்தால் 240 மில்லிஆம்ப்; 320 மில்லிஆம்ப் சப்ளை போதும் என்றாலும் 640 போடுவது வருங்காலத்துக்கு நல்லது. போர்டில் ஒவ்வொரு கருவியும் எத்தனை மாட்யூல் (போர்டில் இடத்தை அளக்கும் அலகு) அகலம் என்று கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு காலியாக விடுங்கள். டிம்மர்களுக்கு இடையே காற்றுக்கு வழி வேண்டும்.

புரோகிராமிங் நேரத்தை "அது சும்மா கூடவே" என்று விட்டுவிடுபவர்கள்தான் முதல் ஆண்டிலேயே சலித்துப்போகிறார்கள். சேனலுக்குப் பெயரிட, இணைக்க, சோதிக்க 15 நிமிடம் என்றால் 36 சேனலுக்கு 9 மணி நேரம். காட்சி ஒன்றுக்கு அரை மணி. குடியேறிய மூன்றாவது வாரம் மாற்றங்களுக்காக ஒரு அரைநாள் பயணம். இதெல்லாம் கொட்டேஷனில் தனி வரியாக, தனிக் கட்டணமாக வர வேண்டும்: வடிவமைப்பு, பொருள், பொருத்துதல், புரோகிராமிங், ஒப்படைப்பு. வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம் வைப்பதில் தயங்காதீர்கள். இல்லையென்றால் உங்கள் வரைபடத்தை வைத்து அடுத்தவரிடம் விலை கேட்பார்கள். பணத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: ஒப்பந்தம், கம்பி இழுத்த பின், பொருள் இறங்கும்போது, ஒப்படைக்கும்போது. பொருளுக்கான பணம் வராமல் ஆர்டர் போட வேண்டாம். கூடுதல் வேலை எதுவானாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஒப்படைக்கும்போது கோப்பில் இருக்க வேண்டியவை: போர்டு வரைபடம், ஒவ்வொரு கம்பியின் எண்ணும் போகுமிடமும், ஐபி முகவரிப் பட்டியல், எல்லாப் பாஸ்வேர்டும், புரோகிராம் கோப்பின் பிரதி. கணக்குகள் வீட்டுக்காரரின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் மின்னஞ்சலில் அல்ல. புரோகிராம் கோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் நம்மைவிட்டுப் போக மாட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. போகத்தான் போவார், போகும்போது பத்துப் பேரிடம் சொல்லிவிட்டும் போவார்.

ஆண்டு சர்வீஸ் ஒப்பந்தத்தில் எத்தனை பயணம், எத்தனை மணி நேரத்தில் பதில், தொலைவிலிருந்து பார்க்க அனுமதி உண்டா, ரவுட்டர் மாற்றம் அடங்குமா, பேட்டரி யார் செலவு என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். பேட்டரி சென்சார் 20 இருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் மாற்றிவிடுங்கள், தீராததையும் சேர்த்து. ஒவ்வொன்றுக்காகத் தனியாகப் போனால் பெட்ரோல்தான் தீரும். தொலைவிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாமல் விபிஎன் (பூட்டிய தனி இணையப் பாதை) வழியாகவே போங்கள். வண்டியில் எப்போதும் இருக்க வேண்டிய உபரி: பஸ் பவர் சப்ளை ஒன்று, ரிலே மாட்யூல் இரண்டு, 24 வோல்ட் டிரைவர் ஒன்று, புரோகிராம் ஏற்றிய ஹப் ஒன்று, பேட்டரி வகைக்குப் பத்து, சாதா சுவிட்ச் நான்கு. எல்லாம் கைவிட்ட நாளில் வீட்டில் விளக்கெரிய வைத்துவிட்டு வர அந்த நான்கு சாதா சுவிட்சுகள் போதும்.